முள் தாவுகிறதா? முதலில் தரையைப் பாருங்கள்

ரெக்கார்டு பாடும்போது முள் தாவுகிறது என்று யார் சொன்னாலும் உடனே "அடியில ரப்பர் வையுங்க" என்றுதான் பதில் வருகிறது. பலகைத் தரையில் அது பெரும்பாலும் உதவுவதில்லை.

கல்லிடைக்குறிச்சியில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணாச்சி வீடு பழைய மச்சு வீடு. மரக்கட்டை உத்திரம், மேலே பலகை. அதன்மேல் மேசை, மேசையில் பிளேயர், அதே மேசையில் ஸ்பீக்கரும். யாராவது காபி டம்ளரோடு படியேறி வந்தால் போதும், முள் துள்ளிவிடும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் நீண்ட கார்வையில் நிற்கும்போது அப்படித் துள்ளினால் மனசு தாங்காது. அண்ணாச்சி பிளேயருக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆட்டம் கூடத்தான் செய்தது.

காரணம் இருக்கிறது. டோன் ஆர்மும் (முள்ளைத் தாங்கும் கை) அதன் நுனியில் முள் பொருத்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வாக்கில், அதாவது நொடிக்கு 8 முதல் 12 தடவை, எளிதாக ஆடக்கூடியவை. பலகையில் நடக்கும் அதிர்வும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் வரும். ரப்பர், ஸ்பாஞ்ச் போன்ற மெத்தென்ற பொருள் அதைத் தடுக்காமல் தன் ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கும். 1961-இல் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்) நிறுவனம் கொண்டுவந்த டர்ன்டேபிளில் ரெக்கார்டு சுழலும் தட்டையும் ஆர்மையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை மென்மையான ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டும் ஆர்மும் சேர்ந்தே அசைவதால் முள்ளுக்கு அசைவு தெரியாது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் யோசனை அது.

சரி, அண்ணாச்சி வீட்டில் செய்தது இதுதான். மோட்டாரை நிறுத்தி, நிற்கும் ரெக்கார்டில் முள்ளை வைத்து, வழக்கமான அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினோம். மேசையை விரல் முட்டியால் தட்டினால் ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்டது. நடந்தாலும் அதேதான். இன்னும் சத்தம் கூட்டியபோது தானாகவே ஒரு 'ஊம்' எழுந்து வளர்ந்தது. அது ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வருவது. ஆக, கோளாறு ரெண்டு.

ஸ்பீக்கரை மேசையிலிருந்து இறக்கித் தனி ஸ்டாண்டில் வைத்ததும் 'ஊம்' அடங்கியது. ஆட்கள் நடக்கும் அதிர்வுக்குச் சுவர்தான் வழி. கனத்த சுண்ணாம்புச் சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து, பலகை போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துப் பிளேயரை ஏற்றினோம். பேரப்பிள்ளைகள் ஓடினாலும் இப்போது முள் அசைவதில்லை.

கான்கிரீட் தரை வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு வேலை வேண்டாம். காற்றைக் குறைவாக அடைத்த சைக்கிள் ட்யூப், அதன்மேல் கனமான கடப்பா கல், கல்மேல் பிளேயர். ட்யூபில் காற்று கூடினால் விறைத்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.