புரூக்ஸ் மலைத்தொடர் நெடுநடை: பேக்ராஃப்ட் சுமக்கலாமா, வேண்டாமா?

தொலைநடை:
நானும் தம்பியும் அடுத்த ஜூலையில் அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் நடக்கப் போகிறோம். டால்டன் நெடுஞ்சாலையில் இறங்கி மேற்கே நடை. கோயுக்குக் ஆற்றின் வடகிளை, எர்னி ஓடை, எர்னி கணவாய் வழியாக அனாக்டுவுக் பாஸ் கிராமம். அங்கிருந்து ஜான் ஆற்றோடு தெற்கே பெட்டில்ஸ் என்ற சிற்றூர். ஆளுக்கு ஒரு பேக்ராஃப்ட் எடுத்தே ஆகணும் என்கிறான் தம்பி. காற்றடித்து விரிக்கும் அந்தச் சின்னப் படகோடு துடுப்பு, மிதவை அங்கி, நீர் புகாத முழு உடையான டிரை சூட் எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு ஐந்து கிலோ கூடுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையில் நிறைய நடந்திருக்கிறோம், ஆற்றுப் பழக்கம் குறைவு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்க்கோடு:
தம்பி சொல்வதுதான் சரி. நீங்கள் நடக்கப் போகும் கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் 1980-இல் தேசியப் பூங்காவானது. ஏறக்குறைய 34,000 சதுர கி.மீ. பரப்பு, உள்ளே சாலை இல்லை, போட்டுவைத்த நடைபாதையும் இல்லை. பாதையே இல்லாத இடத்தில் பாலத்தை எங்கே தேடுவது? அங்கே ஆறுதான் பாதை. டன்ட்ராவில் டஸ்ஸக் மேட்டில் கால் வைத்துப் பாருங்கள். முழங்கால் உயரப் புல்குமிழ், மிதித்தால் சாய்கிறது, இடைவெளியில் சேறு. மணிக்கு இரண்டு கி.மீ. தாண்டினாலே பெரிது. அதே பள்ளத்தாக்கில் ஆறு நம்மைச் சும்மா தூக்கிக்கொண்டு போகும்.

2010-இல் நெடுநடைக்காரர் ஆண்ட்ரூ ஸ்கர்கா அலாஸ்காவையும் பக்கத்திலுள்ள கனடாவின் யூகானையும் சுற்றி ஏறக்குறைய 7,500 கி.மீ. போனார். பனிச்சறுக்கு, நடை, பேக்ராஃப்ட் மூன்றும் கலந்த பயணம் அது. கிராமுக்குக் கிராம் எடை பார்க்கிற மனிதர் அவர், அவரே படகைச் சுமந்தார். காரணம் இல்லாமலா?

கல்லடி:
ஸ்கர்காவின் கைப்பழக்கமும் இந்தச் சகோதரர்களின் கைப்பழக்கமும் ஒன்றல்ல. அதை முதலில் ஒத்துக்கொண்டு பேசுவோம்.

ஐந்து கிலோ என்பது ஒரு ஆளின் ஆறு நாள் சாப்பாடு. வெள்ளம் வந்தால் உயிரைக் காப்பது அந்த ஆறு நாள்தான். ஆற்றைப் பார்க்கிறோம், பொங்குகிறது, கூடாரம் போட்டுக் காத்திருக்கிறோம். கையிருப்பில் சாப்பாடு இருப்பவனால்தான் அப்படி உட்கார முடியும். நாளைக்குச் சாப்பிட ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் மனிதர்கள் இறங்கக் கூடாத நீரில் இறங்குகிறார்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. தொடையளவு நீர் என்று யாரும் லேசாக நினைக்க வேண்டாம்.

நீர்க்கோடு:
காத்திருந்தால் எல்லா ஆறும் வடியுமா அண்ணா? 1992 ஏப்ரலில், காட்டில் தனியாக வாழப் போன இளைஞர் கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் அலாஸ்காவின் டெக்லனிகா ஆற்றைக் கடந்து, அங்கே கைவிடப்பட்டிருந்த ஒரு பேருந்துக்குப் போனார். ஜூலையில் திரும்ப வந்தபோது அதே ஆறு கரைபுரண்டு ஓடியது. பேருந்துக்கே திரும்பினார், ஆகஸ்டில் இறந்தார். அந்தப் பேருந்தைத் தேடிப் போனவர்களில் 2010-இல் ஒருவர், 2019-இல் ஒருவர் ஆற்றில் மூழ்கினார்கள். 2020-இல் அரசே ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தைத் தூக்கிவிட்டது. கையில் ஒரு சின்னப் படகு இருந்திருந்தால்?

கல்லடி:
நல்ல உதாரணம், ஆனால் உங்கள் வாதத்துக்கு உதவாது. டெக்லனிகா பனியாற்றிலிருந்து வருவது. கோடை முற்ற முற்ற உருகும் நீர் கூடுமே தவிர இரண்டு நாளில் வடியாது. அப்படிப்பட்ட ஆற்றை விடிகாலையில் கடக்கணும் என்பார்கள். பகல் வெயிலில் உருகிய நீர் சாயங்காலம் வந்து சேரும், இரவுக் குளிரில் குறையும்.

புரூக்ஸில் கதை வேறு. பனியாறுகள் கொஞ்சம்தான், மழைதான் அங்கே எஜமான். மண்ணுக்கு அடியில் நிரந்தர உறைபனி இருப்பதால் பெய்த மழை உள்ளே இறங்காது, அப்படியே ஓடைக்கு வரும். அதனால் சில மணி நேரத்தில் ஏறும், மழை விட்டால் அதே வேகத்தில் இறங்கும். காத்திருப்பவனுக்குப் பலன் கிடைக்கிற நிலம் அது. விடிகாலை விதியை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. ஜூலையில் சூரியன் இரவிலும் விளக்கு வைத்தது போல நிற்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு மேகத்தைப் பாருங்கள்.

நீர்க்கோடு:
இதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் ஆறு நாள் சாப்பாட்டை எதில் வைப்பீர்கள்? அந்தப் பூங்காவில் உணவைக் கரடியால் திறக்க முடியாத கரடி டப்பாவில்தான் வைக்கணும், அது விதி. பெரிய டப்பாவே ஒருவருக்கு ஒரு வாரம் சொச்சம்தான் தாங்கும். கூடுதல் சாப்பாடு என்றால் இன்னொரு டப்பா, வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். உங்கள் ஆறு நாள் அங்கேயே ஐந்தாகக் குறைகிறது.

இன்னொன்று. நடந்து கடப்பவர் ஆழம் குறைந்து சலசலவென்று ஓடும் மேட்டுப் பகுதியைத் தேடணும், வேகமும் கல்லும் அங்கேதான். படகுக்காரர் ஆழமான, அசையாத மடுவைத் தேடுவார். நடப்பவருக்கு எமனாக இருக்கிற இடம் படகுக்காரருக்குத் துறை.

வடதிசை:
இடையில் ஒரு வார்த்தை. அனாக்டுவுக் பாஸில் தபால் நிலையம் இருக்கிறது, ஃபேர்பேங்க்ஸிலிருந்து சிறு விமானமும் வரும். நடப்பவர்கள் சாப்பாட்டுப் பெட்டியை முன்கூட்டியே தபாலில் அனுப்பி வைப்பது வழக்கம். படகையும் அப்படியே அனுப்பலாமே? முதல் பாதி நடை, இரண்டாம் பாதி படகு. ஐந்து கிலோவைக் கணவாய் மேல் தூக்க வேண்டாம்.

நீர்க்கோடு:
முதல் பாதியில்தானே வடகிளை குறுக்கே வருகிறது! படகு தேவைப்படும் இடத்தில் படகு தபாலில் இருக்கும்.

கல்லடி:
வடகிளையைக் கீழே போய்க் கடக்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்? மேலே நடங்கள். ஒவ்வொரு துணையாற்றையும் தாண்டி மேலேறும்போது முதன்மை ஆறு மெலிந்துகொண்டே வரும். அரை நாள் கூடுதல் நடைதான். சரளைப் படுகையில் ஆறு பல பிரிவாகப் பின்னிப் போகும் இடம் இன்னும் நல்லது. நான்கு சின்ன ஓடையைக் கடப்பது ஒரு பெரிய ஆற்றைக் கடப்பதைவிடப் பாதுகாப்பு.

தொலைநடை கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இதில் எனக்கு அக்கறை அதிகம். ஒரு குச்சியை நீரில் போட்டுக் கூடவே நடந்து பாருங்கள். குச்சி உங்களை முந்தினால் இறங்காதீர்கள். கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மேல்பக்கம் கால் வைக்கணும். வளைவும் விழுந்த மரமும் இருந்தால் வேறு இடம். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. கயிற்றால் உடம்பைக் கட்டிக்கொள்ளவே வேண்டாம், நீர் கயிற்றை இறுக்கி ஆளைக் கீழே பிடித்து வைக்கும். இரண்டு பேரும் பையின் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே கடங்கள், பலசாலி மேல்பக்கம். செருப்போடு இறங்காதீர்கள், ஷூவோடு இறங்குங்கள். ஈரக்கால் அங்கே தினசரி வாழ்க்கை.

தொலைநடை:
கேட்காமலே சொன்னதற்கு நன்றி அண்ணா. அப்படியானால் ஜான் ஆற்றில் படகு சரி என்கிறீர்களா?

கல்லடி:
எனக்கு அதிலும் தயக்கம். ஆற்றைக் கடப்பது சில நிமிட ஆபத்து, ஆற்றோடு போவது நாள்கணக்கான ஆபத்து. தெற்கே இறங்க இறங்க ஸ்ப்ரூஸ் காடு. கரை அரித்து மரங்கள் நீர் மேல் சாய்ந்து கிடக்கும். கிளைக்குள் நீர் புகுந்து போகும், மனிதர் போக முடியாது. குளிர்நீர் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கைத் தம்பியிடம் காட்டுங்கள். விழுந்த முதல் நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பத்து நிமிடம் கைகால் சொல்பேச்சு கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். ஆளைக் கரையேற்றுவது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே.

நீர்க்கோடு:
அதனால்தான் டிரை சூட்டும் மிதவை அங்கியும் எடையில் சேர்கின்றன. அவற்றைக் குறைத்து எடை மிச்சம் பிடிக்கிறவர் படகே எடுக்க வேண்டாம், இதில் நானும் கல்லடி அண்ணன் பக்கம். தொலைநடை, ஜூலைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஓடும் நீரில் இருவரும் வேண்டுமென்றே கவிழ்ந்து, தனியாகப் படகேறிப் பழகுங்கள். பத்து முறையில் பத்து முறையும் ஏற முடிந்தால் ஜான் ஆற்றுக்குப் படகை அனுப்புங்கள். முடியாவிட்டால் அனாக்டுவுக் பாஸோடு பயணத்தை முடித்து விமானம் ஏறுங்கள். ஜான் ஆற்றின் மேல் பகுதியில் வேகமான பாறை நீரும் உண்டு, அங்கே இறங்கிக் கரையோடு நடக்க வெட்கப்பட வேண்டாம்.

கல்லடி:
இது நியாயம். முதல் பாதிக்குப் படகு வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. அந்த எடைக்கு இன்னொரு டப்பா நிறைய சாப்பாடு.

வடதிசை:
ஜான் ஆறு பெட்டில்ஸுக்குக் கொஞ்சம் கீழேதான் கோயுக்குக்கில் கலக்கிறது. ஊருக்கு எதிர்நீரில் ஏறணும், அதற்கும் ஒரு நாள் வையுங்கள். செயற்கைக்கோள் கருவி இருக்கிறதே என்று நம்பி நாள் குறைக்காதீர்கள், மேகம் இறங்கினால் விமானம் வராது.

தொலைநடை:
தம்பி இதையெல்லாம் படித்துவிட்டான். முதல் பாதி நடைதான், வடகிளையை மேலே போய்க் கடக்கிறோம், கூடுதல் டப்பா எடுக்கிறோம். கவிழ்ந்து ஏறும் பயிற்சி பார்த்த பிறகுதான் படகு தபாலுக்குப் போகும். நீர்க்கோடு, டிரை சூட்டின் கழுத்துப் பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்கணும்?

நீர்க்கோடு:
நீர் புகாதபடி ஒட்டி இருக்கணும், ஆனால் எச்சில் விழுங்க முடியணும். போட்ட பிறகு, நீரில் இறங்கும் முன் குந்தி உட்கார்ந்து கழுத்துப் பட்டையை விலக்கி உள்காற்றை வெளியேற்றிவிடுங்கள்.