புல்வெளிச் சுவிஸ் குடும்பங்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

மேடிசன்வாசி:

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அமைத்த நியூ கிளாரஸ் ஊரின் மரவீடுகளைப் பற்றியும், சுவிஸ் பழங்கதை வீரனைப் பற்றி 1938 முதல் அங்கே நடிக்கப்பட்டுவரும் வில்லியம் டெல் நாடகத்தைப் பற்றியும் இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். என் மனத்தை விட்டு அகலாதது ஊருக்கு வெளியே உள்ள ஒரு மாட்டுக்கொட்டில். அதன் உரிமையாளர் எண்பது வயதைக் கடந்தவர். 1845 ஆகஸ்டில் வந்து சேர்ந்த முதல் கூட்டத்தாரின் வழிவந்தவர். மாடுகளை விற்று ஓராண்டு ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். இரு பக்கமும் கழுத்துப் பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் மேலே உத்தரத்தில் அங்கே நின்ற மாட்டின் பெயர் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நடந்தபடியே இடப்பக்கத்தை முடித்து, வலப்பக்கம் திரும்பி, ஒவ்வொரு மாட்டின் பெயரையும் அதன் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் நின்று, "இவள் லாரியில் ஏற மறுத்துவிட்டாள்" என்றார்.

கிளாரஸிலிருந்து முன்கூட்டியே அனுப்பப்பட்ட நிக்கோலஸ் டூர்ஸ்ட், ஃப்ரிடோலின் ஸ்ட்ரைஃப் ஆகிய இருவரும் வாங்கி வைத்திருந்த 1,200 ஏக்கர் நிலம், குடும்பத்துக்கு 20 ஏக்கர் வீதம் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். இவருடைய முன்னோருக்கு விழுந்தது சரிவான மேட்டு நிலம். வேறு சீட்டு கைக்கு வந்திருந்தால் அந்தக் கொட்டிலில் இன்றும் மாடுகள் நின்றிருக்குமோ என்ற கேள்வி என்னை விடவில்லை. 2004இல் விஸ்கான்சினில் 15,000க்கு மேல் இருந்த உரிமம் பெற்ற பால் பண்ணைகள் 2024இல் 6,000க்கும் கீழே வந்துவிட்டன என்பதை அறிந்தேதான் இதைக் கேட்கிறேன்.

வடபுலத்தான்:

மேடிசன்வாசி ஐயாவின் பதிவை மதிக்கிறேன். ஆயினும் தலைப்பில் உள்ள புல்வெளி அது அன்று. நியூ கிளாரஸ் குன்றுகளும் ஓடைகளும் ஓக் மரங்களும் உள்ள பகுதி. வந்தவர்களுக்கு வீடு கட்ட மரமும் அடுப்பெரிக்க விறகும் கிடைத்தன. மரமே இல்லாத வெளியில் சுவிஸ் வழிவந்த குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன என்று பார்க்க வேண்டுமானால் தெற்கு டகோட்டாவின் ஃப்ரீமனுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள மென்னனைட்டுகள், அதாவது போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர், மத நம்பிக்கைக்காகப் பல தலைமுறைகளுக்கு முன்பே சுவிட்சர்லாந்தை விட்டு விரட்டப்பட்டு, ரஷ்யப் பேரரசின் வொலினியாவில் குடியிருந்தவர்கள். படைச் சேவையிலிருந்து தங்களுக்கு இருந்த விலக்கை ரஷ்யா நீக்க முற்பட்டதும், 1874இல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள்.

உடன் பணியாற்றுபவர் அழைத்ததால், வசந்தத்தில் நடக்கும் ஷ்மெக்ஃபெஸ்ட் விருந்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய அத்தை சாலையோரத்திலிருந்து ஒரு கை நீளப் புல்லைப் பிடுங்கி, இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கி, நடுவில் மடித்து, நுனியை உள்ளே செருகி, நான் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் கட்டை போன்ற ஒன்றை என் கையில் வைத்தார். விறகு இல்லாத நாட்டில் அடுப்பு எரிந்தது இதைக் கொண்டுதான். தளர்வாக முறுக்கினால் நொடியில் எரிந்து தீர்ந்துவிடும் என்பதால், குளிர்காலம் முழுவதும் வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து இறுக்கமாக முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததாம். அவருடைய விரல்கள் பாட்டியிடம் கற்றதை மறக்கவில்லை.

பிறகுதான் 1888 ஜனவரி 12 பற்றிப் பேசினார். அன்று காலை வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்ததால் பிள்ளைகள் பலர் கனத்த மேலாடை இல்லாமலே பள்ளிக்குச் சென்றிருந்தார்கள். பனிப்புயல் திடீரென்று வந்து சூழ்ந்தது. ஃப்ரீமன் அருகே ஒரு பள்ளியிலிருந்து வெளியேறிய இந்தச் சமூகத்துச் சிறுவர்கள் ஐவர், அவர்களில் மூவர் உடன்பிறந்தவர்கள், வீடு போய்ச் சேரவில்லை. உடல்கள் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லும்போதும் அவர் கை புல்லை முறுக்குவதை நிறுத்தவில்லை.

லிந்த் கரை:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளாரஸ் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறேன். நீங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் அவர்கள் விட்டுச்சென்ற பள்ளத்தாக்கில் இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் நியூ கிளாரஸின் 20 ஏக்கர் பற்றிச் சொன்னேன். அவர் சன்னலருகே என்னை அழைத்து, பாறைக்கும் சாலைக்கும் நடுவே இருந்த ஒரு புல்துண்டைக் காட்டி, தம் கொள்ளுத்தாத்தாவின் குடும்பம் முழுவதும் உயிர் வாழ்ந்தது அதையும் இரண்டு ஆடுகளையும் நம்பித்தான் என்றார். நான் வேலை முடிந்து போகும்போது அதை அடியெடுத்து அளந்து பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட முற்றத்தின் அளவுகூட இல்லை. நூற்பும் நெசவும் இயந்திரத்துக்குப் போய்விட்டபின் அந்த நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே மேடிசன்வாசி அண்ணா, எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைத்து வருந்த வேண்டியதில்லை. 1845 ஏப்ரலில் கிளம்பியவர்கள் 193 பேர். ஆகஸ்டில் விஸ்கான்சினை அடைந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். வழியில் இறந்தவர்களும் இருந்தார்கள், களைத்துப் பிரிந்து வேறு ஊர்களில் தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். சீட்டு எடுக்கும் இடம் வரைக்கும்கூட வந்து சேராதவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். இடம்பெயர்ந்து வந்த எவருக்கும் அந்தக் கணக்கு விளங்கும்.

பால்காரர் மகள்:

சீட்டும் இல்லை, புல்லும் இல்லை, அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது பாலாடைக்கட்டிதான் என்பது என் கருத்து. வந்தவர்கள் முதலில் கோதுமை விதைத்தார்கள். ஆண்டுதோறும் அதையே விதைத்ததால் மண் களைத்தது, பூச்சித் தாக்குதலும் சேர்ந்துகொண்டது, 1860களுக்குப் பிறகு அதை நம்பி வாழ முடியவில்லை. 1868இல் நியூ கிளாரஸ் அமைந்துள்ள கிரீன் கவுண்டியில் லிம்பர்கர் என்னும் பாலாடைக்கட்டி வகைக்கான தொழிற்கூடம் தொடங்கியது. அதன்பின் சாலைச் சந்திப்புகள்தோறும் சிறு சிறு கூடங்கள் எழுந்தன; குதிரை வண்டியில் பால் கெடாமல் கொண்டு போகக்கூடிய தூரம் அவ்வளவே. சரிவான மேட்டு நிலம் உழவுக்குத்தான் குறை, மேய்ச்சலுக்குக் குறையே அன்று. வடபுலத்தான் சொல்வதுபோல அது புல்வெளி அன்று என்றே வைத்துக்கொண்டாலும், மாட்டுக்கு வேண்டிய புல் அங்கே இருந்தது.

அதே கவுண்டியிலுள்ள மன்ரோ நகரில் ஓய்வுபெற்ற பாலாடைக்கட்டித் தொழிலாளி ஒருவர் பழைய செப்புக் கொப்பரையின் அருகே நின்று தம் வேலையை விளக்கினார். திரிந்த பாலைக் கைப்பிடி அள்ளி, விரல்களை மூடி அழுத்தி, பிறகு கட்டை விரலால் மெல்லத் தேய்த்துப் பிரிப்பாராம். மணிமணியாக உதிர்ந்தால் பதம். கொப்பரை வெறுமையாக இருந்தது. ஆனால் அவர் வெறுங்கையை மூடி, தேய்த்து, தலையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார். என் அப்பா கறந்த பாலை விரலில் தொட்டுப் பார்த்தே தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவரை அந்த இடத்தில் கண்டதாகவே எனக்குத் தோன்றியது.

நெடுவழி:

கனடாவின் வின்னிபெக்கில், சுவிஸ் ஓவியர் பீட்டர் ரிண்டிஸ்பாகரின் நீர்வண்ண ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற ஒரு மூதாட்டி தம் முன்னோரும் அவருடன் 1821இல் ஹட்சன் விரிகுடா வழியாக வந்தவர்கள் என்றார். இன்றைய வின்னிபெக் பகுதியில் இருந்த செந்நதிக் குடியேற்றத்துக்கு ஆசை காட்டி அழைத்துவரப்பட்ட அந்தச் சுவிஸ் மக்களில் பலர் கடிகாரத் தொழிலாளர்களும் கைவினைஞர்களும், ஏர் பிடித்தறியாதவர்கள். 1826 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாலோர் தெற்கே போய்விட்டார்கள், ரிண்டிஸ்பாகரின் குடும்பமும் போய்விட்டது. "எங்களுடையவர்கள் ஏன் தங்கினார்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை" என்று அந்த மூதாட்டி சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. அதனால்தான், நீங்கள் கேட்காமலே, மேடிசன்வாசிக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அந்தக் கொட்டில்காரப் பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து நேர்காணல் எடுக்காதீர்கள். அவர் நடந்துகொண்டே சொன்னதால்தான் பெயர்கள் வரிசையாக வந்தன. ஆகவே சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவியோடு அவரை மறுபடியும் கொட்டில் முழுவதும் நடக்கச் சொல்லுங்கள். உத்தரத்திலுள்ள எழுத்துகளைப் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுங்கள்; நேராக வெளிச்சம் பட்டால் மங்கிய சுண்ண எழுத்து தெரியாது. மாடு, அதன் தாய், அதன் தாய் என்று அவர் சொல்லும் வழியை எழுதினால், ஆண்டுகளை அவர் மறந்திருந்தாலும் எந்த மாடு இருந்தபோது எது நடந்தது என்று அவரே சொல்லிவிடுவார்.

பழைய கடிதங்கள் இருந்தால் மடிப்பைப் பிரித்து அழுத்தித் தேய்க்காதீர்கள், நெகிழி உறையில் போடாதீர்கள். அவை குரெண்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது படிக்க வராது. ஆகவே படம் எடுத்து, அந்தக் கையெழுத்து அறிந்தவரிடம் கொடுங்கள். மூலத்தை அவர் குடும்பமே வைத்திருக்கட்டும், அல்லது அவர் ஒப்பினால் உள்ளூர் வரலாற்றுக் கழகத்திடம் சேரட்டும். எதுவானாலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் பின்னால் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வரும்.

அவருடைய மனைவியோ சகோதரிகளோ இருந்தால் அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். இத்தகைய பண்ணைகள் பலவற்றில் கணக்குப் புத்தகம் பெண்கள் கையில்தான் இருந்தது. பாலுக்கு எந்த மாதம் எவ்வளவு பணம் வந்தது, எந்த ஆண்டு வட்டி கட்டவில்லை, எப்போது முதல் மாட்டை விற்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.