கண்ணையும் கணக்கையும் செயற்கை நுண்ணறிவிடம் விடலாமா?

மேலூர்க்காரன்:
அம்மாவுக்குச் சர்க்கரை, பதினைந்து வருடமாக. விழித்திரையைப் படம் எடுத்தால் சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு இருக்கிறதா என்று செயற்கை நுண்ணறிவே சொல்லிவிடும். 2016-லேயே கூகுள் ஆட்கள் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள், அதற்குப் படம் கொடுத்ததில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் உண்டு. 2018-ல் அமெரிக்காவில், டாக்டர் பார்க்காமலே முடிவு சொல்லும் வேறொரு கருவிக்கு அனுமதியே கொடுத்துவிட்டார்கள். இன்னும் என்ன தயக்கம்? வேண்டாம் என்பவர்கள் எங்கள் ஊரிலிருந்து கண் டாக்டரிடம் ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கட்டும்.

வார்டு நர்ஸ்:
சரி, பஸ்ஸையே பேசுவோம். தாய்லாந்தில் அந்த கூகுள் கருவியை 11 கிளினிக்கில் வைத்துப் பார்த்து, நடந்ததை 2020-ல் அவர்களே எழுதினார்கள். 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கருவி தெளிவில்லை என்று தள்ளிவிட்டது, பல இடங்களில் படம் எடுத்த அறை சரியாக இருட்டாக இல்லை என்பதால். தள்ளப்பட்டவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நர்ஸுக்குத் தோன்றினாலும். யார் பஸ் பிடித்தது?

மேலூர்க்காரன்:
ஐந்தில் ஒருவர் அலைந்தார், மீதி நாலு பேர்? அதற்கு முன்பு பதிலுக்கு 10 வாரம்வரைகூட ஆகும், கருவி பத்து நிமிடத்துக்குள் சொன்னது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கணக்கு டீச்சர்:
பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சுதான். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சுமாரான பிள்ளைகூட வகுப்பில் 98 சதவீதம் பேரை முந்தும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் புளூம் 1984-ல் எழுதியதை, கணக்குச் சொல்லித்தரும் ஆப் விற்பவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள், அவர் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் மனுஷரை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். (பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலனும் தெரியவில்லை.) என் வகுப்பில் ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்றே போடுவான். ஆப் தப்பு தப்பு என்று சொல்லி, அதைவிடச் சுலபமான கணக்காகக் கொடுத்துக்கொண்டே போனது. எப்படிடா போட்டாய் என்று கேட்டேன். "மொத மேட்ச்ல 2 பால்ல 1 சிக்ஸ், அடுத்ததுல 3 பால்ல 1, அப்போ 5 பால்ல 2 தானே டீச்சர்?" கிரிக்கெட்டுக்கு அது சரிதானே! அங்கிருந்து ஆரம்பித்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

மேலூர்க்காரன்:
அருமை டீச்சர். நாற்பது பேரில் எத்தனை பேரிடம் இப்படிக் கேட்டீர்கள்?

கணக்கு டீச்சர்:
அந்த வாரம் மூன்று பேர். பொய் சொல்ல மாட்டேன்.

மேலூர்க்காரன்:
மீதி 37 பேருக்கு? இப்போதைய சாட்பாட் "எப்படிப் போட்டாய்" என்று கேட்கவும் செய்கிறது.

கணக்கு டீச்சர்:
கேட்கிறதுதான். இவன் "தெரியாது" என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். என்னிடம் அப்படி நழுவ முடியாது, முகத்தைப் பார்த்தாலே தெரியுமே.

வார்டு நர்ஸ்:
மேலூர்க்காரரே, அம்மாவுக்குக் கடைசியாக எப்போது கண் பார்த்தீர்கள்? பாதிப்பு என்று வந்தால் லேசருக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்?

மேலூர்க்காரன்:
மூன்று வருடம் ஆகிறது. நான்தான் போகணும், லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.