இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் குடியேற நகரமா, மலையடியா?

புதுவரவு: ஷ்ரூஸ்பரி மருத்துவமனையில் எனக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகனைத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும். நகரத்துக்குள்ளேயே வாடகைக்குப் பார்ப்பதா, தெற்கே மலைப்பக்கம் போவதா?

கரையோரன்: நகரத்திலேயே இருங்கள். மருத்துவமனை நகரின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. இரவுப் பணி முடித்துத் திரும்புகிறவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டு அழைத்து வருகிறவருக்கும் எல்லாம் பக்கத்திலேயே இருப்பது, சன்னலைத் திறந்தால் குன்று தெரிவதைவிடப் பெரிது. கிராமத்து வீடுகள் பலவற்றுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. தோட்டத்து மூலையில் நிற்கும் தொட்டியில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை நிரப்பித்தான் குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். லாரிக்காரர்கள் வழக்கமாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் அரசு ஒழுங்குமுறை அமைப்பு வைக்கும் விலை உச்சவரம்பும் இந்த எண்ணெய்க்குப் பொருந்தாது.

மலையடி: செவர்ன் ஆறு ஷ்ரூஸ்பரியின் நடுப்பகுதியை ஏறக்குறைய முழுவதுமாக வளைத்து ஓடுகிறது என்பதையும், 2020 பிப்ரவரி வெள்ளத்தையும் கரையோரன் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார். நான் கிராமத்துக்குப் போகச் சொல்லவில்லை. சர்ச் ஸ்ட்ரெட்டன் தெற்கே 13 மைலில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். ஷ்ரூஸ்பரியிலிருந்து ரயிலில் கால் மணி நேரம், கடைத்தெருவும் பள்ளியும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். வண்டி ஓட்டாதவர் ரயில் போகாத ஊரைத்தான் தவிர்க்க வேண்டும். தென்மேற்கே உள்ள பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூருக்கு 1935-லேயே ரயில் நின்றுபோயிற்று.

கரையோரன்: வெள்ளம் நகரம் முழுவதையும் மூழ்கடிப்பதில்லை. கோல்ஹாம் போன்ற தாழ்ந்த தெருக்களைத் தவிர்த்து, மருத்துவமனையை ஒட்டிய காப்தார்ன் பக்கம் பார்க்கலாம்; ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து அரசின் வெள்ள அபாயப் பக்கத்தில் சரிபார்த்தால் போதும். உங்கள் கால் மணி நேர ரயில் நகர நடுவில் இறக்கிவிடும், அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். இரவுப் பணிக்கு அது எப்படி ஒத்துவரும்?

மலையடி: வேலைக்குப் போகிறவர் கார் ஓட்டுகிறார், ஐயா. பகல் முழுவதும் ஊரில் இருக்கப்போகிறவர் கணவர். அவருக்கு எது வசதி என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை.

கரையோரன்: பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, சனவரி விடியலில் சர்ச் ஸ்ட்ரெட்டனுக்குப் போகும் உறைபனி படிந்த ஏ49 சாலையில் வண்டி ஓட்டப்போவது கணவர் அல்லவே.

புதுவரவு: அவரிடமே கேட்டேன்; ரயில் இருந்தால் போதும் என்கிறார். முதல் ஆறு மாதம் காப்தார்னில் வாடகைக்கு இருந்துகொண்டு, வார இறுதிகளில் சர்ச் ஸ்ட்ரெட்டனைப் பார்க்கிறோம்.