'ஃபார் எம்மா' கேட்டு மனசு ரெண்டா நிக்குது, கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இலங்கை மலையகத்தில, ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுறேன். பான் இவேர்ங்கிற அமெரிக்க இசைக்குழுவோட 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' இசைத்தொகுப்பை இந்த மழை மாசம் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கேன். 2006-07 பனிக்காலத்தில, அமெரிக்காவில விஸ்கான்சின் காட்டுக்குள்ள, அப்பாவோட வேட்டைக் குடில்ல தனியா இருந்து அந்தக் குழுவோட பாடகர் ஜஸ்டின் வெர்னன் பதிவு பண்ணினது. மொத்தம் 9 பாட்டு.

கிட்டார் அப்படியே உள்ள இறங்கிருச்சு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுத் தகரக் கூரையில மழை விழுறப்போ கேட்டா, பக்கத்து காம்பராவில யாரோ கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு. ஆனா சொல்லுதான் பிடிபடல. முதல்ல வெறும் சத்தமா மெட்டைப் பாடிட்டு, அப்புறம் அந்தச் சத்தத்துக்கு ஏத்த சொல்லைத் தேடினாராம். அழுகை கேக்குது, எதுக்குன்னு தெரியல. தன் குரலையே பல தடவை பதிஞ்சு மேல மேல அடுக்கியிருக்கிறதும் கடைசிப் பாட்டுக்கு வரும்போது எனக்கு அலுப்பாயிருது.

எங்க அப்பாயி தாலாட்டு வேற மாதிரி. கொழுந்துக்கூடை, கங்காணி, அரைப்பேர் (அரை நாள் கூலி) விழுந்த நாள்னு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா நிக்கும். அதைத்தான் இப்போ கிட்டாரோட போன்ல பதிஞ்சு பாக்குறேன். குரலை அடுக்கினா அழகா இருக்கு, ஆனா 'அரைப்பேர்' காதுல விழல. ஒத்தைக் குரல்ல பாடினா வெறுமையா இருக்கு.

இந்தத் தொகுப்போட ரொம்ப நாள் பழகினவங்க யாராவது இருக்கீங்களா? எந்தப் பாட்டை முதல்ல சொல் சொல்லாக் கேக்கணும்? தாலாட்டுக்கு ஒத்தைக் குரலே போதுமா, இல்ல எந்த இடத்தில மட்டும் ரெண்டாவது குரல் சேர்க்கலாம்?