பக்கத்து வீட்டு நாய் கடித்துக் குழந்தை முகத்தில் தழும்பு: 30,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கோவை தாய்மாமன்:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகளுக்காக எழுதுகிறேன். ஏழு வயது. பக்கத்து வீட்டு வாசலுக்குள் விழுந்த பந்தை எடுக்கப் போயிருக்கிறாள். கேட் திறந்து கிடந்தது, நாயையும் கட்டவில்லை. பாய்ந்து முகத்திலேயே கடித்துவிட்டது. இடது கன்னம் ஆழமாகக் கிழிந்து, மேலுதட்டின் ஓரமும் பிய்ந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுத் தையல் போட்டார்கள். இப்போது தையல் பிரித்தாயிற்று. ஆனால் சிரித்தால் உதடு ஒரு பக்கமாக இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார்.

நாய்க்காரர் முதலில் மருந்துச் செலவு கொடுத்தார். இப்போது முத்திரைத்தாளோடு வந்து நிற்கிறார். 30,000 ரூபாய் தருவாராம். ‘இனி எந்தக் காலத்திலும் எந்தக் கோரிக்கையும் இல்லை, காவல் நிலையப் புகாரையும் திரும்பப் பெறுகிறோம்’ என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டுமாம். தெருப் பெரியவர்களும் பக்கத்திலேயே இருந்துகொண்டு பகை எதற்கு என்கிறார்கள். ‘நாய் ஜாக்கிரதை’ என்று போர்டு வைத்திருக்கிறேன், உள்ளே வந்தது குழந்தையின் தப்பு என்பது அவர் வாதம். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கொடுத்தார்கள். என்ன செய்யலாம்?

வார்டு செவிலி:
தம்பி, பணப் பேச்சுக்கு முன்னால் ஒன்று. முகத்தில் ஆழமான கடி என்றால் அது மூன்றாம் வகைக் காயம், வெறிநோய் (ரேபிஸ்) ஆபத்து அதிகமான வகை. தடுப்பூசியோடு, அந்தக் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றியே போட்டிருக்க வேண்டும். மூளைக்குப் பக்கத்தில் என்பதால் இதில் அசட்டை கூடாது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவணை பாக்கி இருந்தால் நாளைக்கே போய்ப் போடுங்கள். வீட்டில் வளர்க்கிற நாய், அதற்கும் ஊசி போட்டிருக்கிறது என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.

அடுத்தது தழும்பு. தையல் பிரித்தவுடன் தெரிகிற தழும்பு முடிவானது இல்லை. சிவந்து தடித்து, அப்புறம்தான் மெல்ல அடங்கும். அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். உதடு இழுக்கிறது என்கிறீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். வளர்கிற குழந்தை என்பதால் பிற்பாடு ஒரு தடவைக்கு மேல் திருத்த அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்கு எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இன்றைய பில்லை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு முடிக்கிற காயம் இல்லை இது.

வக்கீல் அண்ணன்:
செவிலி அம்மா சொன்னதுதான் சட்டத்திலும் மையம். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கொடுத்த மருந்துச் செலவை வாங்கியதில் தப்பில்லை. ‘எந்தக் காலத்திலும் கோரிக்கை இல்லை’ என்ற வரிதான் ஆபத்து.

இதில் இரண்டு தனி வழிகள் உண்டு. ஒன்று குற்ற வழக்கு. வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்ததற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 116-ஆம் பிரிவில் கொடுங்காயம் எவை என்ற பட்டியலில் முகத்தின் நிரந்தர உருக்குலைவும் இருக்கிறது. அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 125-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. சாதாரண காயமா கொடுங்காயமா என்பதில் மருத்துவர் தரும் காயச் சான்றிதழ்தான் பேசும். அதனால் முதல் நாள் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதியதன் நகல் (ஏ.ஆர். காப்பி), காயச் சான்றிதழ் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஏ.ஆர். காப்பியில் ‘நாய் கடி’ என்று மட்டும் இருக்கிறதா, யாருடைய நாய் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘தெருநாய்’ என்று தவறுதலாக எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

சி.எஸ்.ஆரோடு நிற்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு புகாரைத் திரும்பப் பெறுவது வீட்டுத் திண்ணையில் முத்திரைத்தாளில் எழுதி முடிக்கிற காரியம் இல்லை.

இரண்டாவது, இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு. உங்களுக்கு உண்மையில் தேவை இதுதான். குழந்தை சார்பில் அம்மாவே போடலாம். மைனர் என்பதால் 18 வயது ஆன பிறகும் மூன்று ஆண்டு வரை காலக்கெடு இருக்கிறது. ஆனாலும் காத்திருக்க வேண்டாம். சி.சி.டி.வி. பதிவு அழிந்துவிடும், சாட்சி வீடு மாறிப் போய்விடுவார். எதிர்வீட்டில் கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள்.

அந்தப் போர்டைப் பற்றி. அது தன்னைக் காப்பாற்றும் என்று பல பேர் நினைக்கிறார்கள். கடிக்கக்கூடிய நாய் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியும் என்பதற்கும் அதே போர்டு சான்றாகும். தெரிந்தும் கேட்டைத் திறந்து போட்டு, கட்டாமல் விட்டிருக்கிறார். போர்டு, கேட், தாழ்ப்பாள் எல்லாம் தெரிகிற மாதிரி தெருவில் நின்று படம் எடுங்கள். அந்த நாய் முன்பு பால்காரரையோ தபால்காரரையோ கடித்திருந்தால் அவர்கள் வாக்குமூலம் தங்கம். ஏழு வயதுக் குழந்தை பந்தெடுக்கப் போனதைக் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்க நீதிமன்றம் லேசில் சம்மதிக்காது.

திருப்பூர் வாசகன்:
ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய் என்று தீர்ப்பு வந்ததே? அதை வைத்துக் கேட்கலாமே?

வக்கீல் அண்ணன்:
அது 2023-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000, சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000. ஆனால் அது தெருவில் திரியும் விலங்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த அரசுகள் தர வேண்டிய தொகை. நம் ஊரில் தனியார் ஒருவரின் வளர்ப்பு நாய்க்கு அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. நாய்க்காரருக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீசில் குறிப்பிடலாம், அதையே நம்பி இருக்க முடியாது.

நீங்கள் கேட்க வேண்டிய தொகையை வேறு மாதிரி கட்ட வேண்டும். 1995-இல் ஹட்டங்காடி வழக்கில் உச்ச நீதிமன்றம் காயத்துக்கான இழப்பீட்டை இரண்டாகப் பிரித்துச் சொன்னது. பில் போட்டுக் காட்டக்கூடிய செலவு ஒன்று, வலியும் மன வேதனையும் வாழ்க்கையில் இழந்ததும் இன்னொன்று. விபத்து வழக்குகளில் முகத் தழும்புக்கு, அதிலும் பெண் குழந்தை என்றால் திருமண வாய்ப்பு பாதிக்கப்படுவதற்கும் தனியாகத் தொகை போடுகிறார்கள். அந்தப் பார்வை எனக்கு உடன்பாடு இல்லை, என்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதோடு வருங்கால அறுவை சிகிச்சை, மனநல ஆலோசனை, அக்கா வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேரும். டீச்சர் சொன்னதை ஒரு கடிதமாக எழுதி வாங்குங்கள்.

மதுரைக்காரி:
தம்பி, என் பையனுக்குக் காதும் நெற்றியும் கிழிந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளருடைய நாய்தான். நாங்கள் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள், கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். ஜட்ஜ் முன்னால் உட்கார்ந்ததும் அவர்கள் பேச்சின் சுருதியே இறங்கிவிட்டது. அங்கே எழுதுகிற முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், பணம் கட்டவில்லை என்றால் நிறைவேற்றும் மனு போடலாம்.

இன்னொன்று. மாதா மாதம் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், சும்மா இருக்கும்போது ஒன்று, சிரிக்கும்போது ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். எங்கள் வழக்கில் பேச்சை மாற்றியது அந்தப் படங்கள்தான். குழந்தையிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கோவை தாய்மாமன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கையெழுத்துப் போடவில்லை. தடுப்பூசி அட்டையில் எல்லாத் தவணையும் இருக்கிறது, இம்யூனோகுளோபுலினும் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு கேமராவில் கேட் திறந்து கிடப்பதும், நாய் பாய்வதும் தெளிவாக இருக்கிறது, பென் டிரைவில் வாங்கிவிட்டேன். பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துத் திருத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவரை சிலிக்கான் ஜெல், வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். பெரியவர்களிடம் அந்தச் சீட்டையே காட்டினோம். ஒருவர் படித்துவிட்டு, ‘30,000 எந்த மூலைக்கு’ என்று எழுந்து போய்விட்டார். நாய்க்காரரோ, நோட்டீஸ் அனுப்பினால் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவேன் என்கிறார். அப்படிச் செய்ய முடியுமா?

வக்கீல் அண்ணன்:
போனாலும் கடன் அவரோடு போகும். சொத்தை விற்று ஏமாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே அதை ஜப்தி செய்யச் சொல்லி வழக்கோடு மனுப் போடலாம். அவர் இப்படிச் சொன்னதற்கு யார் சாட்சி என்று குறித்து வையுங்கள். அப்புறம், நாய்க்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று நோட்டீசிலேயே கேட்போம். சில பாலிசிகளில் மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய இழப்பீடும் அடங்கும், அப்படி இருந்தால் அவருக்கும் பாரம் குறையும். சமரசம் பேசுவதானால், வழக்கு நடக்கும்போது மைனர் சார்பில் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்தத் தொகையை வைப்பு நிதியாகக் குழந்தை பெயரில் போட்டு, சிகிச்சைக்கு மட்டும் இடையில் எடுக்க உத்தரவு கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், பில்கள், பென் டிரைவ், மருத்துவர் சீட்டு எல்லாவற்றோடும் அக்காவைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.