மறுமொழி: ‘ரெட்கான்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஐயா, அக்கா, மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மூன்று பரிந்துரைகள் காத்திருக்கின்றன. மூன்றையும் படித்தேன், மூன்றோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். வழியில் சில படங்களின் கதை உடையும். பெரும்பாலும் நாற்பது வருடத்துக்கு முந்தைய படங்கள்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ரெட்கான் என்றால் என்ன என்று தனிமடலில் கேட்டவர்களுக்காக: ஒரு தொடரில் பின்னால் வரும் பாகம், முன்னால் வந்த பாகத்தில் நாம் பார்த்து முடித்த ஒன்றுக்கு வேறு பொருள் கொடுத்துவிடுவது. 1980களில் அமெரிக்க காமிக்ஸ் உலகத்தில் புழக்கத்துக்கு வந்த சுருக்கச் சொல் இது.

எனக்கு இது புரிந்தது ஒரு விபத்தால். ஸ்டார் வார்ஸ் படங்களை எனக்குக் காட்டியவர் என் பெரியப்பா மகன். அண்ணன் ஒழுங்கான ஆள், அத்தியாய எண் வரிசைப்படி காட்டினார். அதாவது 1999, 2002, 2005 படங்கள் முதலில், 1977 படம் அப்புறம். விளைவு, வில்லன் டார்த் வேடர்தான் நாயகன் லூக்கின் அப்பா என்பது லூக் பிறக்கும்போதே எனக்குத் தெரியும். 1980இல் உலகமே வாயைப் பிளந்த காட்சியை நான் சிப்ஸ் தின்றுகொண்டே பார்த்தேன். இன்றுவரை அண்ணனை மன்னிக்கவில்லை.

ஆனால் அந்த வரிசையில் பார்த்ததால் வேறொன்று கிடைத்தது. 1977 படத்தில், அப்பா எப்படிச் செத்தார் என்று லூக் கேட்பான். லூக்கின் கிழட்டு குரு ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் உடனே பதில் சொல்லமாட்டார். ஒரு கணம் தயங்குவார். பிறகுதான், என்னிடம் படித்த வேடர் என்பவன் துரோகம் செய்து உன் அப்பாவைக் கொன்றுவிட்டான் என்பார். நான் அந்தத் தயக்கத்தைப் பார்த்து, “கிழவர் பொய் சொல்லப் போகிறார்” என்று நினைத்தேன். அவ்வளவு அழகான நடிப்பு! பிறகு படித்தால்தான் தெரிகிறது, அவர் நடித்தபோது அது பொய்யே இல்லை. 1978இல் அடுத்த படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிக் கொடுத்த வரைவில்கூட லூக்கின் அப்பாவும் வேடரும் தனித்தனி ஆட்கள்தான். ஒரு நண்பனின் சாவைச் சொல்லப்போகிறவரின் சாதாரணத் தயக்கம் அது. இரண்டாவது படம் வந்த பிறகு, ஒரு பிரேம்கூட மாறாமல், அதே முகம் பொய்க்காரரின் முகமாகிவிட்டது. 1983 படத்தில் ஆவியாக வந்து, நான் சொன்னது ஒரு வகையில் பார்த்தால் உண்மைதான் என்று மழுப்புவார். அது வெறும் சால்ஜாப்பு. மாற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

நாம் தேடும் சொல் அந்தத் தயக்கத்துக்குப் பொருந்த வேண்டும். இதுதான் என் உரைகல். இனி உங்கள் பரிந்துரைகள்.

> ‘இடைச்செருகல்’ என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

இடைச்செருகல் என்றால் மூலத்துக்குள்ளேயே ஒன்றை நுழைப்பது. ஸ்டார் வார்ஸில் அதுவும் நடந்திருக்கிறது, ஆனால் அது வேறு குற்றம். 1977இல் மதுக்கடை மேசைக்கு எதிரே உட்கார்ந்து மிரட்டும் கிரீடோ என்பவனைக் கடத்தல்காரன் ஹான் சோலோ சுட்டுத் தள்ளுவான். அவன் மட்டும்தான் சுடுவான். 1997 பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவதுபோல் மாற்றினார்கள். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். இது அசல் இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப் பாடல்களைத் தனியே பிரித்து அச்சிடுகிறார்களே, அந்த மரியாதைகூட இங்கே இல்லை. செருகியதுதான் கடையில் கிடைக்கிறது, மூலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். (காசுக்காகப் பேரம் பேசும் ஒரு கடத்தல்காரன் கடைசியில் நல்லவனாவதுதான் அந்தப் படத்தின் பாதி உயிர். அவனைத் தொடக்கத்திலேயே தற்காப்புக்குச் சுடும் நல்லவனாக்கினால் மிச்சம் என்ன? சரி, இது வேறு இழைக்கான கோபம்.)

கின்னஸின் தயக்கத்தில் யாரும் எதையும் செருகவில்லை. அதனால் இந்தச் சொல்லை கிரீடோவுக்கு வைத்துக்கொள்வோம்.

> ‘பின்திருத்தம்’ எளிமையாக இருக்கிறது, பார்த்தவுடன் புரியும்.

எளிமைதான் அக்கா. ஆனால் திருத்தம் என்றால் முதலில் பிழை இருந்திருக்க வேண்டும். பிழையை மறைக்க வரும் ரெட்கானும் உண்டு, மறுக்கவில்லை. தன் விண்கப்பல் ஒரு பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் ஓடி முடித்தது என்று ஹான் பீற்றிக்கொள்வான். பார்செக் என்பது தூரத்தின் அளவு, சுமார் 3.26 ஒளியாண்டு. “சென்னையிலிருந்து மதுரைக்கு நானூறு கிலோமீட்டரிலேயே வந்துவிட்டேன்” என்று பெருமையடிப்பது மாதிரி. 2018இல் வந்த படம், அவன் ஆபத்தான குறுக்குவழியில் போனதால் தூரமே குறைந்தது என்று சமாளித்தது. திருத்தம் என்றால் இது திருத்தம். ஒட்டுப்போட்டது தெரிகிறது.

2016இல் வந்த ரோக் ஒன் படத்தைப் பாருங்கள். சின்ன நிலா அளவுக்கு இருக்கும் டெத் ஸ்டார் என்ற போர் நிலையத்தை இரண்டு மீட்டர் அகலத் துளை ஒன்றை வைத்துக் கவிழ்க்க முடியுமா என்று ரசிகர்கள் எத்தனையோ வருடம் கிண்டலடித்தார்கள். கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட விஞ்ஞானி ஒருவர் வேண்டுமென்றே அந்தப் பலவீனத்தை உள்ளே ஒளித்துவைத்தார் என்றது அந்தப் படம். ஓட்டை அடைபடவில்லை, ஓட்டைக்கு ஒரு தகப்பனின் பழிவாங்கல் கிடைத்தது. இப்போது பழைய படத்தில் லூக் குறிபார்க்கும்போது எனக்கு அந்த விஞ்ஞானி ஞாபகம் வருகிறார். திருத்தம் என்று சொன்னால் இந்த லாபம் கணக்கில் வராது.

அறிவியல் புனைகதைக்கு மட்டுமான நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கானன் டாயில், 1903இல் அவர் விழவே இல்லை என்று திரும்பக் கொண்டுவந்தார். பழைய கதையில் ஒரு வரி மாறவில்லை. வாட்சன் பார்த்தது பார்த்ததுதான், புரிந்துகொண்டதுதான் தப்பு.

> நன்னூலில் ‘அளைமறிபாப்பு’ என்றொரு பொருள்கோள் உண்டு. தம்பி அதைப் பார்க்கட்டும்.

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொருள்கோள் என்றால் செய்யுளின் சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள் கொள்வது என்ற முறை. அளைமறிபாப்பு என்பது, புற்றுக்குள் நுழையும் பாம்பு உடலை மடித்துத் தலையைத் திருப்பிக்கொள்வதுபோல, செய்யுளின் கடைசியில் உள்ள சொல் இடைக்கும் முதலுக்கும் போய்ப் பொருள் தருவது. ‘செய்யுள் இறுதி மொழி இடை முதலினும் எய்திய பொருள்கோள்’. 1980 படத்தின் கடைசிக் காட்சிகளில் ஒன்று 1977 படத்தின் நடுவில் போய்ப் பொருள் தருகிறதே, அச்சாக இதுதான்!

இரண்டு சங்கடம். ஒன்று, அந்தப் புலவர் முதல் அடி எழுதும்போதே கடைசி அடியை மனதில் வைத்திருக்கிறார். ரெட்கானில் அப்படி இல்லை, எழுதியவருக்கே பின்னால்தான் தோன்றுகிறது. இன்னொன்று, ‘அளைமறி’ என்று என் நண்பர்களிடம் சொன்னால் எந்த ரோட்டில் மறியல் என்று கேட்பார்கள். ‘பாப்பு’ பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் வழி அங்கிருந்துதான் கிடைத்தது. பழையதன் மேல் பொருள் ஏறுகிறது. ‘பொருளேற்றம்’ என்று விமர்சகர்கள் ஏற்கெனவே எழுதுகிறார்கள். அதனால் என் முன்மொழிவு: பின்னேற்றம். தமிழில் ‘பின்’ காலத்தில் பிறகு என்பதையும் குறிக்கும், இடத்தில் பின்பக்கம் என்பதையும் குறிக்கும். மற்ற இடங்களில் இது தலைவலி. இங்கே இரண்டுமே சரி: பிறகு ஏற்றுகிறார்கள், பின்னோக்கி ஏற்றுகிறார்கள். வினையாகவும் ஓடும்: பின்னேற்றினார்கள், பின்னேற்றிய காட்சி. 1977இல் வெறும் ஸ்டார் வார்ஸாக வந்த படத்தின் தொடக்கத்தில், 1981 மறுவெளியீட்டில் நான்காம் அத்தியாயம் என்று எழுதினார்களே, அந்த எண்ணும் பின்னேற்றியதுதான்.

அடித்து நொறுக்குங்கள்.

இழையைத் தொடங்கியவன்

-----

தம்பி,

காரணம் நன்றாக இருக்கிறது, சொல்தான் இடறுகிறது. சப்டைட்டில் எழுதும் எனக்கு வரியைப் படிக்க ஆட்களுக்கு இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். அந்த நொடிக்குள் ‘பின்னேற்றம்’ என்று பார்த்தால் முன்னேற்றத்துக்கு எதிர்ச்சொல் என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். பின்னடைவு என்று புரிந்துகொள்வார்கள். வீட்டில் இரண்டு பேரிடம் கேட்டேன், இருவருமே அப்படித்தான் சொன்னார்கள்.

பின்திருத்தத்தை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். அந்த விஞ்ஞானி கதை போதும்.

-----

அக்கா,

போச்சு. இதை நான் யோசிக்கவே இல்லை. முன்னேற்றம் ‘ஏறு’விலிருந்து வருகிறது, என் சொல் ‘ஏற்று’விலிருந்து வருகிறது என்று இலக்கணம் பேசலாம், ஆனால் சப்டைட்டில் படிப்பவரிடம் அதை எங்கே போய் விளக்குவது?

சில படங்களுக்கு அந்தத் தப்பான பொருளும் பொருந்துகிறது என்பது தனிச் சோகம். 2017 படத்தில் புதிய நாயகி ரேயின் பெற்றோர் பெயரில்லாத சாதாரண ஆட்கள் என்றார்கள். பிறப்பில் ஒன்றுமில்லை என்று துணிச்சலாகச் சொன்ன இடம், ரே வரும் மூன்று படங்களில் எனக்கு மிகப் பிடித்த இடம். 2019இல் அவள் பழைய படங்களின் வில்லன் பேரரசரின் பேத்தி என்றாக்கிவிட்டார்கள். அது ரெட்கானும்தான், பின்னடைவும்தான்.

-----

தம்பிக்கு,

‘அம்’மை எடுத்துவிடுங்கள். பின்னேற்று என்றே இருக்கட்டும். வினையடியே பெயராக நிற்பது நமக்குப் புதிதல்ல. அதே பொருள்கோள் பட்டியலைப் பாருங்கள்: மொழிமாற்று, விற்பூட்டு, கொண்டுகூட்டு. நாலாவதாகப் பின்னேற்று போய் உட்கார்ந்தால் அந்நியமாகத் தெரியாது. முன்னேற்றத்தின் எதிரொலியும் இராது.

முதல் சங்கடம் என்று எழுதியிருந்தீர்களே, புலவர் முன்பே மனதில் வைத்திருந்தார் என்று. மூலத்தில் இருந்ததோ இல்லையோ, உரையாசிரியர் வெவ்வேறு அடிகளின் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் சொல்லிவிடுவார், பிறகு வருகிறவர்களுக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும். ஆகவே உங்கள் பின்னேற்றைப் படம் எடுப்பவர் மட்டும் செய்வதில்லை.

அந்தத் தயக்கக் காட்சியைப் பேரன் போட்டுக் காட்டினான். எனக்கு அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. நான் 1977 படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

-----

ஐயா,

அடுத்ததைப் பார்த்துவிடாதீர்கள். ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். பார்த்து முடித்ததும் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டுவோம், பின்னேற்று வேலை செய்கிறதா என்று உங்கள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன். அண்ணனை மட்டும் கூட்டி வரமாட்டேன்.